கரிக்கல்லின் வைத்தியம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் பாதையில் கும்பிடுவது பாதி என்றால், வாங்குவது மீதி. ருத்ராட்சம், ஸ்படிகம், பவழம், ராசிக்கல் மோதிரம் எல்லாம் பழைய சரக்கு. சில ஆண்டுகளாகக் கருங்காலி மாலைதான் ராஜா. சினிமாக்காரர்கள் கழுத்தில் கிடந்த அந்தக் கறுப்பு மணிகள் ஒரே வருடத்தில் ஊரெங்கும் பரவின. செவ்வாய் தோஷம் தீரும் என்பதோடு, ‘மின் கதிர்வீச்சை உறிஞ்சும்’ என்றும் அதை விற்பவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அதே வாசகத்தை இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு இணையக் கடைகளில் வந்திருக்கும் இன்னொரு கறுப்புப் பொருள் ஷுங்கைட். ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளுமாக வளர்ந்துவிட்ட வேங்கிக்காலுக்கு இன்று கூரியரில் வந்து சேராத கல் எதுவுமில்லை. ரஷ்யாவின் வடமேற்கில் வெட்டியெடுக்கும் இந்தக் கல்லும் அப்படித்தான் வருகிறது: பதக்கமாக, செல்போனின் முதுகில் ஒட்டும் வில்லையாக, மேசையில் வைக்கும் பிரமிடாக, தண்ணீர்க் குடத்தில் போடும் ஜல்லியாக.

அதன் பெயரால் சொல்லப்படுவதற்கு அளவில்லை. செல்போன், வைஃபை, 5ஜி கதிர்வீச்சை விழுங்குமாம். தண்ணீரைச் சுத்தமாக்கி ‘உயிரூட்டுமாம்’. மூட்டுவலி, ஆஸ்துமா, தோல்நோய், தூக்கமின்மை எல்லாம் தணியுமாம். மூலாதாரச் சக்கரத்தைச் சமன்செய்யுமாம். இந்தக் கடைசி வாசகம் எந்த ஊர்ச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று தெரியவில்லை. நம் மரபில் மூலாதாரத் தலம் திருவாரூர். திருவண்ணாமலைக்குச் சொல்லப்படுவது மணிபூரகம்.

கல்லை முதலில் கல்லாகப் பார்ப்போம். பின்லாந்தை ஒட்டிய கரேலியப் பகுதியில் ஒனேகா ஏரிக்கரையில் ஷுங்கா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே கிடைத்த கரிப்பாறைக்கு 1879இல் அந்த ஊர்ப் பெயரையே வைத்தவர் ரஷ்யப் புவியியலாளர் இனஸ்த்ரான்ஸெவ். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த நுண்ணுயிர்ச் சேறு புதைந்து, வெந்து, இறுகிக் கரியானது. நிலக்கரி போல எரிவதும் கிடையாது, பென்சில் கிராஃபைட் போல ஏடு ஏடாகப் பிரிவதும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கார்பன் அது. பளபளவென்று வெள்ளிமினுக்கோடு இருக்கும் அரிய ரகத்தில் 98 சதவீதம் வரை கார்பன் உண்டு. மலிவாகப் பரவலாக விற்கும் ரகத்தில் சுமார் 30 சதவீதந்தான் கார்பன். மிச்சம் பெரும்பாலும் மணலின் உறவுக்காரர்களான சிலிக்கேட்டுகள், கொஞ்சம் பைரைட், பலவகை உலோகச் சுவடுகள். உலோக உருக்காலை, ரப்பர், மின்கடத்தும் பூச்சு என்று தொழிற்சாலைகளில் இதற்கு நல்ல வேலைகள் இருக்கின்றன.

‘200 கோடி ஆண்டுப் பழமை’ என்பதை விளம்பரங்கள் மருத்துவக் குணம் போலவே அச்சிடுகின்றன. திருவண்ணாமலை வட்டாரப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பழமைதான் மருந்து என்றால் நம் வீட்டு வாசற்படியே போதும்.

ராஜ வைத்தியக் கதை ஒன்றும் இந்தக் கல்லோடு கூடவே வருகிறது. கரேலியாவில் ஒரு ஊற்று நீரைக் குடித்து இரும்பு ஆலைத் தொழிலாளி ஒருவர் தேறினார் என்ற செய்தி 1714 வாக்கில் பரவியது. பேரரசர் முதலாம் பீட்டர் அதைச் சோதிக்கச் சொல்லி, 1719இல் அங்கே ரஷ்யாவின் முதல் ஊற்றுநீர் மருத்துவமனையைத் தொடங்கினார். தானும் போய்க் குடித்தார். இது வரலாறு. ஷுங்கைட் படிவம் வழியாக வருவதால்தான் அந்த நீருக்கு வீரியம் என்பதும், 1709 பொல்தாவா போரிலேயே பீட்டரின் படைவீரர்கள் இந்தக் கல்லைப் பையில் கொண்டுபோனார்கள் என்பதும் பின்னால் ஒட்டிய வால். ஊற்றின் பேச்சே எழாத காலத்தில் நடந்த போர் அது. அந்த நீரின் தனித்தன்மை அதில் கரைந்திருக்கும் இரும்பு. ஊருக்கு வைத்த பெயரும் இரும்புக்குரிய செவ்வாய்த் தெய்வத்தின் பெயர்தான். ரத்தசோகையில் வெளிறிப்போன மனிதர் இரும்புநீரைத் தொடர்ந்து குடித்துத் தேறினார் என்றால் நம்பலாம். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு அதே இரும்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையாக இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு மட்டும் ராஜா கதை இல்லை.

ராஜா கதைக்குப் பிறகு வருவது நோபல் கதை. 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவில் கூடிய ஃபுல்லரீன் என்ற மூலக்கூறை 1985இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கண்டுபிடித்தார்கள்; 1996இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. இடையில் 1992இல் பியூசெக் என்பவரின் குழு, ஷுங்காவிலிருந்து வந்த ஒரு மாதிரியில் ஃபுல்லரீன் இருப்பதாக ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பூமியில் இயற்கையாகக் கிடைத்த ஃபுல்லரீன் என்பதால் அறிவியல் உலகம் பரபரப்பானது. பின்னர் மற்றவர்கள் தேடியபோது சில மாதிரிகளில் சுவடளவுக்கு இருந்தது, பலவற்றில் இல்லவே இல்லை. இருந்தாலும் பயன் சொற்பம், ஏனென்றால் ஃபுல்லரீன் தண்ணீரில் கரையாத பொருள். குடத்தில் கல்லைப் போட்டு ‘ஃபுல்லரீன் நீர்’ காய்ச்ச முடியாது. ஆலிவ் எண்ணெயில் கரைத்துக் கொடுத்த எலிகள் நீண்டநாள் வாழ்ந்தன என்று 2012இல் வந்த சிறிய ஆய்வைத்தான் விற்பவர்கள் காட்டுவார்கள். 2021இல் அதே கலவையைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த வேறொரு குழு, ஆயுள் கூடவில்லை, வெளிச்சம் பட்ட கலவை நஞ்சாகவும் மாறியது என்று கண்டது. இந்த இரண்டாவது ஆய்வை எந்த விற்பனைப் பக்கமும் பேசுவதில்லை.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு பாதி உண்மை இருக்கிறது. கரி தண்ணீரைத் தெளியவைக்கும் என்பது நம் பாட்டிமார் அறிந்தது. மணலும் கரியும் அடுக்கிய பானை வடிகட்டியைப் பள்ளிப் புத்தகத்தில் வரைந்தவர்கள்தான் நாம். கரியின் மேற்பரப்பில் உள்ள கோடானுகோடி நுண்துளைகளில் நிறமும் நாற்றமும் சில நஞ்சுகளும் ஒட்டிக்கொள்ளும். துளைகளைப் பெருக்குவதற்காகவே கரியை நீராவியில் சுமார் 900 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அப்படி ‘ஆக்டிவேட்’ செய்த கரியில் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு மேற்பரப்பு மடிந்து கிடக்கும். நம் வீட்டு ஆர்.ஓ. பெட்டியில் ‘கார்பன்’ என்று மெக்கானிக் மாற்றிவிட்டுப் போவது அதைத்தான். ஷுங்கைட்டின் மேற்பரப்பு இதில் மிகச் சிறு பங்கு. உலகமே விரும்பி வாங்கும் நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வருகிறது. காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் சிரட்டை சுட்டுக் கரி எடுப்பது பெரிய தொழில். தரமான கரியைக் கப்பலேற்றிவிட்டுத் தரம் குறைந்த கரிக்கல்லை அதிக விலைக்கு இறக்குமதி செய்கிறோம்.

இது காசுக் கணக்கு. உடம்புக் கணக்கு இதைவிட முக்கியம். ஷுங்கைட்டில் பைரைட் இருக்கிறது என்றேன். இரும்பும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கனிமம் நீரிலும் காற்றிலும் பட்டால் மெல்லக் கந்தக அமிலத்தை விடும். அமிலம் கல்லில் உள்ள நிக்கல், செம்பு, துத்தநாகம் போன்றவற்றைக் கரைத்துத் தண்ணீருக்கு இறக்கும். லாட்வியாவின் ரிகா நகர ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட கட்டுரை, குடிநீரைச் சுத்திகரிக்க ஷுங்கைட் ஏற்றதுதானா என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு, நிக்கல் உள்ளிட்ட கன உலோகங்கள் கல்லிலிருந்து நீருக்கு இறங்குவதைக் காட்டியது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் நிக்கல் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம்தான். கறுப்புத் தண்ணீர் போகும்வரை கல்லைக் கழுவுங்கள் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். அப்படிக் கழுவினால் போவது தூசி. உலோகம் கரைவது கண்ணுக்குத் தெரியாது. ஆர்.ஓ. இல்லாத வீட்டில் குழந்தைகள் குடிக்கும் குடத்தில் இந்தக் கல்லைப் போடுவதை நான் வெறும் மூடநம்பிக்கை என்று விட்டுவிட மாட்டேன். தீங்கு என்றே சொல்வேன்.

கதிர்வீச்சுக்கு வருவோம். ஷுங்கைட் மின்சாரம் கடத்தும்; மின்கடத்தும் பொருள் ரேடியோ அலைகளைத் தடுக்கும். இதுவும் உண்மைதான், ஷுங்கைட் கலந்த பலகைகளைத் தடுப்புச் சுவராகப் பயன்படுத்த ஆய்வுகள் உண்டு. ஆனால் சுவர் என்பது முழுதாக மூட வேண்டும். கையகலக் கொசுவலையை மார்பில் குத்திக்கொண்டு தூங்கினால் கொசு கடிக்காமல் விடாது. செல்போன் முதுகில் ஒட்டிய வில்லை நிஜமாகவே அலையை மறைத்தால் நிலைமை இன்னும் மோசம்: சிக்னல் குறைந்ததை உணர்ந்த போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், பேட்டரி சீக்கிரம் தீரும். இப்படிப்பட்ட கவச வில்லைகளை விற்றவர்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002ஆம் ஆண்டிலேயே நடவடிக்கை எடுத்தது.

அச்சம் முழுக்க ஆதாரமற்றது என்றும் தள்ளிவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று போதாமல் சந்தேகம் மிஞ்சும் பொருள்களுக்கான பிரிவு அது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் செல்போன்களுக்கு உடல் உறிஞ்சும் அளவு கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு இருக்கிறது. உங்கள் போனில் *#07# அழுத்தினால் அதன் அளவு திரையில் வரும். கதிர்வீச்சால் தலைவலி, தூக்கமின்மை வருகிறது என்று உறுதியாக நம்புகிறவர்களை வைத்து நடந்த 31 சோதனைகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2005இல் தொகுத்தார்கள். மொத்தம் 725 பேர். கருவி இயங்குகிறதா நின்றிருக்கிறதா என்பதைச் சொல்லாமல் சோதித்தபோது, 24 சோதனைகளில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மிச்சத்தில் கிடைத்தவையும் கூர்ந்து பார்த்தபோது நிற்கவில்லை. அவர்களுடைய தலைவலி பொய்யல்ல. அதன் காரணம் அந்த அலை இல்லை, அவ்வளவே.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2020 அக்டோபரில் தேசியக் காமதேனு ஆணையத்தின் தலைவர் வல்லப்பாய் கதிரியா, பசுஞ்சாணத்தில் செய்த வில்லை ஒன்றை அறிமுகப்படுத்தி, செல்போன் கதிர்வீச்சை அது குறைக்கும் என்றார். எந்த ஆய்வில், எந்த அளவீட்டில் என்று 400க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் எழுத்துமூலம் கேட்டார்கள். சாணத்துக்கும் ஷுங்கைட்டுக்கும் வேதியியலில் தூரம் அதிகம். வாசகம் மட்டும் ஒன்றே.

இதன் உச்சம் நெதர்லாந்தில் நடந்தது. ‘5ஜி எதிர்ப்பு’ என்று விற்ற பத்துப் பொருள்களை அந்நாட்டு அணுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் தடுத்தது. குழந்தைகள் கைவளை, கண்மூடி, கழுத்துப் பதக்கம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. அவை தாமே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிட்டன. நீண்டநாள் அணிந்தால் தோலுக்குக் கேடு என்று அந்த அமைப்பு எச்சரித்தது. ‘நெகட்டிவ் அயனி’, ‘குவாண்டம்’ என்ற பெயர்களில் வரும் இவ்வகைப் பதக்கங்களில் தோரியம் கலந்த கனிமப் பொடி இருப்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியம்தான். இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கும் ஆபத்தைக் காசு கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஷுங்கைட் அந்த வகையில் சேராது. ஆனால் இரண்டும் ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியில், ஒரே மொழியில் விற்கப்படுகின்றன. வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

கார்பன் கல்லுக்கு உடம்பைக் குணமாக்கும் சக்தி இருந்தால் அது கரேலியாவில் மட்டும் ஏன் இருக்க வேண்டும்? சிவகங்கைக்குப் பக்கத்தில் தமிழ்நாடு கனிம நிறுவனம் கிராஃபைட் தோண்டுகிறது. அங்கேயே தூய்மை செய்து, உலைச் செங்கலுக்கும் மூசைக்கும் அனுப்புகிறது. இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நரம்புக் கிராஃபைட் 95 சதவீதத்துக்கு மேல் கார்பன். அவ்வளவு தூய இயற்கைக் கிராஃபைட் உலகில் அரிது. ஷுங்கைட்டைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கங்களில் கார்பனையே சுவாசித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று ரணசிங்க, உரகொட என்ற இரு இலங்கை மருத்துவர்கள் பார்த்து 1972இல் எழுதினார்கள். படம் எடுத்த 344 தொழிலாளர்களில் 22.7 சதவீதத்தினரின் நுரையீரலில் மாற்றம் தெரிந்தது. கிராஃபைட் தூசி நோய் என்று அதற்குப் பெயர். சிவகங்கைக் கல்லையோ போகலைக் கல்லையோ யாரும் பதக்கமாக்கி விற்கவில்லை. பக்கத்து ஊர்க் கல்லுக்கு நாம் கதை கட்டுவதில்லை. தொலைவிலிருந்து, புரியாத பெயரோடு வர வேண்டும். ஷுங்கைட்டின் சக்தியில் பெரும்பங்கு இந்தத் தொலைவுதான் என்பது என் எண்ணம்.

கார்பனுக்கு மருத்துவக் குணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் விஷயம். 1831இல் தூவேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர், உயிரைப் பறிக்கும் அளவைப்போல் பல மடங்கு ஸ்ட்ரிக்னைனைக் கரியோடு கலந்து அறிஞர் அவையின் முன் விழுங்கிப் பிழைத்ததாகச் சொல்வார்கள். ஸ்ட்ரிக்னைன் நம் எட்டிக்கொட்டையின் விஷம். கலங்கல் நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை அதே இனத்து மரம். துணிச்சலான காட்சி, ஆனால் ஒரு மனிதர் பிழைத்தது சான்றாகாது. உண்மையான சோதனை வெகுகாலம் கழித்து இலங்கையில் நடந்தது. மஞ்சள் அரளி நஞ்சோடு மருத்துவமனைக்கு வந்த 401 பேரில் பாதிப் பேருக்கு ஆக்டிவேட்டட் கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, மீதிப் பேருக்கு அப்படிக் கொடுக்காமல் ஒப்பிட்டார்கள். திரும்பத் திரும்பக் கரி கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர் 5 பேர், மற்றவர்களில் 16 பேர். 2003இல் ‘லான்செட்’ இதழில் இது வந்தபோது கேள்வி முடிந்ததென்றே பலர் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. எடில்ஸ்டன் தலைமையில் இன்னொரு குழு இலங்கையின் மூன்று மருத்துவமனைகளில் பூச்சிமருந்து, அரளி முதலிய நஞ்சுகள் உட்சென்ற 4,632 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கியது: பலமுறை கரி, ஒருமுறை கரி, கரியே இல்லை. 2008இல் வந்த முடிவு: இறப்பு முறையே 6.3, 7.1, 6.8 சதவீதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நேரம் கடந்து, நஞ்சு ரத்தத்தில் ஏறிய பிறகு வருபவர்களுக்குக் கரியால் செய்ய முடிவது குறைவு என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். இன்றும் கரி கைவிடப்படவில்லை. நஞ்சு உட்சென்ற ஒரு மணி நேரத்துக்குள், சிலவகை விஷங்களுக்கு, மருத்துவர்கள் கணித்துக் கொடுப்பார்கள். நுண்துளை மேற்பரப்பு, பரிசோதனைக்கூடச் சான்று, நூற்றாண்டுப் புகழ் எல்லாம் உள்ள கரியே ஆயிரக்கணக்கான நோயாளிகள் முன் நின்று தன் எல்லையைக் காட்ட வேண்டியிருந்தது. ஷுங்கைட் பதக்கம் அந்த வாசலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நம் சித்த மருத்துவத்திலும் பாறை இடுக்கில் கசியும் கன்மதம் போன்ற கரிமச் சத்துள்ள பொருள்கள் உண்டு. அதை யாரும் பாறையிலிருந்து வழித்து அப்படியே வாயில் போடச் சொல்லவில்லை. சுத்தி, அளவு, அனுபானம் என்று முறை வைத்தார்கள். அந்த முறைகள் போதுமா என்று இன்று ஆய்வகத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் பொருளுக்கு நஞ்சும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. குடத்தில் கல்லைப் போடு, பிணி தீரும் என்பவர்களிடம் அது இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றுக்கு நோய் தீர்க்கும் அற்புத சக்தி இருப்பதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் முறை குற்றம் உறுதியானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அணிவதை அது தடுக்கவில்லை. நோயாளியை ஏய்ப்பதைத்தான் தடுக்கிறது. கல்லுக்கும் அது பொருந்தும். விற்பவர்களுக்கும் தெரியும், அதனால்தான் மேலே ஆஸ்துமா என்று கொட்டை எழுத்திலும், கீழே ‘மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றல்ல’ என்று பொடி எழுத்திலும் போடுகிறார்கள்.

கறுப்பு மணி கழுத்துக்கு அழகு என்று தோன்றினால் போட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு கல் இருந்தால் மனம் அமைதியாகிறது என்றால் அதிலும் யாருக்கும் நஷ்டமில்லை. குடிநீரில் மட்டும் போட வேண்டாம். வீட்டு வடிகட்டியின் கார்பனை உரிய காலத்தில் மாற்றுங்கள், அது போதும். ஆஸ்துமாவுக்கும் தோல்நோய்க்கும் எழுதிக் கொடுத்த மருந்தை இந்தக் கல்லை நம்பி நிறுத்தாதீர்கள். நோய் தீரும் என்று சொல்லி யாராவது விற்றால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.